சும்மா போட்ட தேதி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், வெப்சைட் கட்டிப் பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு உதவியாக இருந்திருக்கும். என் தம்பி பீம்ராவ் தன் கல்யாணத்துக்கென்று முதலில் செய்த காரியம் அதுதான். சமையலுக்கு ஆள் சொல்லவில்லை. பத்திரிகைக்கு யானைக்கவுனிப் பக்கம் போய் ஓர் அட்டையைக்கூடப் புரட்டவில்லை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் தொழிலே அதுதான். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடியில், அப்பாவும் நானும் அவனும் இருக்கிற வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்த்திராத ஊர்க்காரர்களுடைய கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிறான். காலையில் மீட்டிங். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. "எஸ், எஸ், டுடே ஐ வில் ஃபினிஷ்" என்பான். அந்த டுடே அடுத்த வாரம் வரைக்கும் நீளும். நான் ராயபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். என் வேலையில் குத்தினால் குத்தினதுதான். அவன் வேலையில் எல்லாவற்றையும் அப்புறம் திருத்திக்கொள்ளலாம். அதனால்தான் செங்கொடிக்கு, அதாவது எனக்கு, கோபம் அதிகம், பீமுவுக்கு நிதானம் அதிகம் என்று அப்பா சொல்வார். நிதானமாம்! சோம்பேறித்தனத்துக்கு அப்பா வைத்த செல்லப் பெயர்.

வேலை நேரம் போக மிச்சமெல்லாம் மீன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறான். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, எது கிடைத்தாலும் அதில் ஒரு மீன். இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டும் என்பதால் பாட்டிலுக்குப் பாட்டில் நடுவில் அட்டை சொருகி வைத்திருப்பான். தண்ணீரில் பாதாம் இலை ஊறும். ஞாயிற்றுக்கிழமையானால் கொளத்தூர் மீன்கடைகளில் கிடப்பான். கொசு ஒழிக்க கார்ப்பரேஷன்காரர்கள் வந்தால், மீனுக்கென்று புழு வளர்க்கிற வாளியை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைப்பான். எனக்கு டெங்கு வந்தால் எந்த லேபில் காட்டுவது என்று கேட்டால் சிரிப்பான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண் நர்மதா. அவனுடைய கம்பெனியிலேயே டெஸ்டிங் வேலை. அதாவது இவன் செய்கிற வெப்சைட்டில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். காதல் எப்படிடா வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் பண்ணது எதையுமே அவ சரின்னு சொன்னதில்லக்கா," என்றான்.

அவள் வீடு திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் போகிற வழியில், செம்மணல்குப்பத்தில். அப்பா திருமலைக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அம்மா செல்லம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். நாங்கள் பௌத்தர்கள். அவர்கள் எல்லையம்மனைக் கும்பிடுகிறவர்கள். சாதியும் வேறு. முதல் நாள் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தபோது, நடுவில் அட்டையை எடுத்துவிட்ட பாட்டில் மீன்கள் மாதிரிதான் இருந்தோம். நர்மதாவின் பிடிவாதத்தில்தான் அந்தப் பேச்சு நடந்தது.

அந்த இறுக்கத்தை உடைத்தது மீன். திருமலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போனவர், பாட்டில் வரிசையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இத்த துன்னுவீங்களா?"

"இல்ல மாமா. சும்மா வளக்கறது."

"சும்மாவா?" என்றார். நாற்பது வருஷமாகக் கடலில் மீன் பிடித்தவர், ஒரு மீனைச் சும்மா பார்ப்பதற்கென்று யாராவது வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டதில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தார். போகும்போது ஒரு சிவப்பு மீனைக் கேட்டு வாங்கி, ஜாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் ஃபோனில் பேசுவதெல்லாம் புழு, தண்ணீர் மாற்றுவது, வால் ஏன் சுருங்குகிறது என்பதுதான். நர்மதாவே பொறாமைப்பட்டாள்.

திருமலைக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. நகையோ மண்டபமோ இல்லை. அவர் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குப்பத்துப் பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாணம் என்றால், அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது. எல்லாப் படகுகளையும் மணலில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிடுவார்கள். முந்தின நாள் சாயங்காலமே கிராமத்தார் கோவில் மைக்கில் அறிவித்துவிடுவார்கள். படகு நிற்கவில்லை என்றால் அது குப்பத்துக் கல்யாணமில்லை. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், யாரும் ஒதுக்கி வைத்ததாகச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

திருமலையின் தங்கை அப்படித்தான் போனார். காட்டுப்பள்ளியில் வேலைக்கு வந்த ஒரு வெளியூர்க்காரரை அவர் கட்டிக்கொண்ட அன்றைக்குக் குப்பத்துப் படகெல்லாம் கடலில் இருந்தன. அதற்கப்புறம் அவர் ஆடித் திருவிழாவுக்குக்கூடக் குப்பத்துக்குள் கால் வைத்ததில்லை. மகளுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதுதான் திருமலையின் கவலை.

அதற்காகக் கிராமத்துத் தலைவர் ராமதாஸிடம் முன்னாடியே போய்க் கேட்டார். "மொதல்ல தேதி வெய்யி. அப்பால பாக்கலாம்" என்றாராம் ராமதாஸ். பாக்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். திருமலை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்புறம் கிராமக் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பங்குனி மாதத்துக்குத் தேதி குறித்தபோதும், வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டார். இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இதையெல்லாம் செல்லம்மா எனக்குச் சொன்னார், மீன் கழுவிக்கொண்டே, மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டே.

பங்குனித் தேதி செல்லம்மா குறித்தது. திருவொற்றியூரில் ஒரு ஜோசியர் அவருக்கு. எங்கள் அப்பா அசோகன், நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களைக் கண்டால் அரைமணி நேரம் பேசுகிறவர். "எல்லா நாளும் நல்ல நாள்தான்" என்று தொடங்கினால் நிற்காது. ஆனால் சம்மந்தியம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தேதி அவர்களுடையது, கல்யாண முறை நம்முடையது, தாலி மட்டும் அவர்கள் ஆசைக்கு என்று உடன்பாடு ஆனது. வியாசர்பாடியில் மண்டபமும் பிடித்தாகிவிட்டது.

இப்போது வெப்சைட்டுக்கு வருகிறேன். அதில் பெண் மாப்பிள்ளை படம் இருந்தது. மண்டபத்துக்கு வழி இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி என்று குறைந்துகொண்டே வருகிற கடிகாரம் ஒன்றும் இருந்தது. கடிகாரம் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் அந்தப் பக்கம் மாறி வேறொன்று வரவேண்டும். அது சரியாக மாறுகிறதா என்று பார்க்க பங்குனி வரைக்கும் காத்திருக்க முடியாதல்லவா? அதனால் பீமு, வருகிற ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா ஒரு தேதியாகப் போட்டுவைத்தான். பூஜ்ஜியம் வந்ததும் தெரிய வேண்டிய பக்கத்தில் என்ன எழுதுவது என்று தோன்றாமல், 'இங்கே ஏதாவது எழுதணும்' என்று எழுதிவைத்தான். அதை நர்மதாவுக்கு மட்டும் அனுப்பினான், தப்புப் பார்க்கச் சொல்லி.

நர்மதாவும் பார்த்தாள். எழுத்து சின்னதாக இருக்கிறது, படம் மெதுவாக வருகிறது, மண்டபத்துக்கு வழி காட்டினால் ஓட்டேரிச் சுடுகாட்டுக்குப் போகிறது என்று வரிசையாகச் சொன்னாள். ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். செல்லம்மா அதை எடுத்துப் பார்த்தார். கண்ணாடி போடவில்லை. மகளும் மருமகனும் பாறைமேல் உட்கார்ந்து சிரிக்கிற படம் மட்டும் தெரிந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே நின்று அதை மார்க்கெட் பெண்களின் வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பிவிட்டார். மார்க்கெட் குரூப்புக்குப் போனது குப்பம் முழுக்கப் போனது என்றுதான் கணக்கு.

மறுநாள் மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரி தங்கபுஷ்பம் கேட்டிருக்கிறார்: "இன்னா செல்லம்மா, இம்மாம் அவசரம்? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

காதல் கல்யாணம் என்பதால் கேலி பண்ணுகிறாள் என்று செல்லம்மா நினைத்துவிட்டார். "எம் பொண்ணு, என் அவசரம். உனுக்கு இன்னா பேஜாரு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வஞ்சிரத்தை வெட்டப் போய்விட்டார். நின்று என்ன ஏது என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் லேபிலிருந்து வந்து காலைக்கூட நீட்டவில்லை. பீமு மாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். நர்மதா கூப்பிட்டாள். கை ஈரமென்று அவன் ஸ்பீக்கரில் போட்டான். அவள் குரலுக்குப் பின்னால் ஒரு மைக் கரகரத்துக்கொண்டிருந்தது.

"பீமு, நாளைக்கு நம்ம கல்யாணமாம்."

"யாருக்கு?"

"விளையாடாத. கோயில் மைக்ல சொல்லிகினு கீறாங்க. திருமலை வூட்டுக் கல்யாணம், நாளைக்கு யாரும் கடலுக்குப் போவக்கூடாதுன்னு. எல்லாரும் போட்டுங்கள மேல இழுக்கறாங்க. அப்பா எதுவுமே பேசாம குந்திகினு கீறாரு. எனக்கு பயமா கீது. நீ வா."

அவள் அழும்போது மட்டும்தான் குப்பத்துப் பேச்சு அப்படியே வரும். பீமு வெறும் கையில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவன் தலையில் ஒன்று போட்டேன்.

"பாஸ்வேர்டு வைக்கலையாடா?"

"டெஸ்ட் பேஜுக்கு யாருக்கா வைப்பாங்க? அப்புறம் மாத்திக்கலாம்னு..."

"அப்புறமா? போ, இப்ப போய் மாத்து!"

இரண்டு பேரும் அவன் பைக்கிலேயே கிளம்பினோம். எண்ணூர் ரோட்டில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. இடுக்கு இடுக்காகப் புகுந்து போனோம். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் அவனுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

குப்பத்தில் நுழைந்தோம். மணலில் படகுகள் வரிசையாக நின்றன. கடைசிப் படகைப் பத்துப் பேர் சத்தம் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாங்கி வைத்த ஐஸை ஒருவர் மணலில் கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒருவர் கை தூக்கி, "மாப்ள, முந்திகினு வந்துட்ட போல!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். பீமு பதிலுக்குச் சிரிக்க முயன்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டில் திருமலை டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். டிவி மேல் அந்தச் சிவப்பு மீன் ஜாடி. செல்லம்மா அடுப்பங்கரையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தான் அனுப்பியதுதான் என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

"மாப்ள, மைக்ல எம்பேரு சொன்னாங்க," என்றார் திருமலை. "திருமலை வூட்டுக் கல்யாணம்னு சொன்னாங்க. ரெண்டு வாட்டி." சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய உடம்புக்காரர் அழுதால் வீடே சின்னதாகிவிடுகிறது. நர்மதா போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தேதி தப்புன்னு நான் போயி சொல்லமாட்டேன். என்னால ஆவாது."

"நீங்க ஏன் மாமா சொல்லணும்? நான் போட்ட தேதி. நான் போறேன்," என்றான் பீமு. முதல் தடவையாக என் தம்பிமேல் எனக்கு மரியாதை வந்தது.

நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப பயம். ராமதாஸும் கிராமத்தார் நாலைந்து பேரும் வலை பின்னும் கூடத்தில் இருந்தார்கள். நாளைக்கு எங்கே பந்தல் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தல்! பீமு போய் நடுவில் நின்றான். மீட்டிங்கில் பேசுகிற இங்கிலீஷெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"ஐயா, தேதி தப்பு. கல்யாணம் பங்குனியில. நாளைக்கு இல்ல."

"இன்னா தப்பு?"

"அது வேலை செய்யுதான்னு பாக்க நான் சும்மா போட்ட தேதி. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இந்த வாரம் இறால் நன்றாகப் படுகிறது, அதை விட்டுவிட்டல்லவா படகை ஏற்றினோம் என்றார் ஒருவர். ஊரைக் கூட்டி வைத்துக் கேலியா என்றார் இன்னொருவர். பீமு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக.

ராமதாஸ் கை காட்டி எல்லாரையும் அடக்கினார்.

"தம்பி, எங்கள யாரும் தட்டு வெச்சுக் கூப்புடல. போன்ல பாத்துத்தான் தெரிஞ்சிகினோம். கோவம் வந்துச்சு. போட்டுங்கள இறக்கிகினு போயிடலாம்னுதான் மொதல்ல பேசினோம். அப்பால யோசிச்சோம். தங்கச்சிக்குப் பண்ண மாதிரியே பொண்ணுக்கும் பண்ணிட்டு, திருமலை மூஞ்சில எப்டி முழிக்கறது? அவன் மனசு வெறுத்துத்தான் கூப்புடாம கீறான். நர்மதா இந்த மணல்ல ஓடித் திரிஞ்ச பொண்ணு. சரின்னு மைக்ல சொல்லிட்டோம்."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"மன்னிக்கறது கெடக்கட்டும். சொன்ன சொல்ல மாத்தமாட்டோம். நாளைக்கு ஒரு போட்டும் போவாது. ஆனா ஒரு கல்யாணத்துக்கு ஒருவாட்டிதான் நிறுத்துவோம். ரெண்டு நாள் நிறுத்தினா ஜனங்க எப்டி சோறு துன்னும்? பங்குனில நீ பண்ணும்போது நாங்க கடல்ல இருப்போம். அத்த தப்பா எடுத்துக்காத."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் கொஞ்சமும் குறையவில்லை. திருமலைக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்தது கிடைத்து, ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீணாகப் போகப்போகிறது. பீமு என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றை அவன் வாழ்க்கையில் முதல் தடவை செய்திருக்கிறான் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"அப்ப நாளைக்கே கல்யாணத்த முடிச்சிட்டா?" என்று நான் கேட்டேன்.

யோசித்துக் கேட்கவில்லை. ஆற்றாமையில் வாய் முந்திவிட்டது. கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராமதாஸ் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆவுமா?" என்றார்.

"எங்க பக்கம் ஆகும்," என்றேன். சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். நடந்ததை நான் கொட்டி முடிக்கிற வரைக்கும் அப்பா உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா நாளும் நல்ல நாள்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க? இப்ப சொல்லுங்க பாப்போம்," என்றேன்.

அப்பா கேட்டார்: "புத்தர் சிலைய மடியில வெச்சிக்கலாம். பாபாசாகேப் படம் பெருசாச்சே. ஆட்டோவுக்குள்ள நுழையுமா?"

"நுழையும்ப்பா," என்றேன்.

பங்குனிக் கல்யாணத்துக்குப் பிரியாணி சொல்லி வைத்திருந்த கௌசர் அக்காவைக் கூப்பிட்டேன். "நாளைக்கா? உங்க வூட்ல எல்லாருக்கும் கிறுக்கா?" என்று கேட்டார். பிறகு எத்தனை பேர் என்று கேட்டார். குப்பம் முழுக்க என்றேன். கறிக்கடைக்காரரை எழுப்பிச் சண்டை போடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மிச்சமிருந்தது செல்லம்மா. மகள் கல்யாணத்துக்கு ஜோசியரிடம் நாலு தடவை போய் நாள் குறித்து வாங்கி வந்தவர். நாளைக்கு அஷ்டமி, அதிலும் தேய்பிறை. நாங்கள் எல்லாரும் வீட்டு வாசலில் நின்றோம். பேச்சு எடுக்க யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் நர்மதாதான் சொன்னாள்.

செல்லம்மா காலண்டரைப் பார்த்தார். திருமலையைப் பார்த்தார். அவர் எதுவும் கேட்காமல், மீன் ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே, இருட்டத் தொடங்கிய மணலில், படகுகள் வரிசையாகத் தெரிந்தன.

"அஷ்டமிதான்," என்றார் செல்லம்மா. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஆனா அத்தினி போட்டும் எம்பொண்ணுக்காகக் கரைல நிக்குது. இந்த நாள எந்த ஜோசியரு குறிச்சுக் குடுப்பாரு?" பிறகு நர்மதா பக்கம் திரும்பி, "ஜாக்கெட் தெக்கக் குடுத்தது வந்துச்சாடி?" என்று கேட்டார். வரவில்லை. அதற்கு அவள் வாங்கிய திட்டில் பாதி, நாளைக்கே என்று வாயைவிட்ட எனக்குச் சேர வேண்டியது.

உடனே திருமலை எழுந்தார். சட்டை மாற்றிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, ராமதாஸ் வீட்டுப் பக்கம் நடந்தார். நடையில் அவசரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வலை பின்னும் கூடத்தில் நடந்தது. வலைகளை ஒரு பக்கமாகச் சுருட்டிவைத்து, மேஜைமேல் புத்தரையும் பாபாசாகேபையும் வைத்தோம். நர்மதா பொங்கல் புடவையும் என் ஜாக்கெட்டும் போட்டிருந்தாள். ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது, நாலு ஊக்கு குத்தினேன். பீமுவுக்கு மீட்டிங் சட்டை. இந்தத் தடவை பேன்ட்டோடு. எங்கள் அப்பா மைக் பிடித்துத் திரிசரணம் சொல்ல, குப்பம் முழுக்கத் திருப்பிச் சொன்னது. படகு தள்ளும்போது கொடுக்கிற குரலிலேயே சொன்னார்கள். இவ்வளவு சத்தமான புத்தம் சரணத்தை நான் கேட்டதே இல்லை. பிறகு மாலை மாற்றினார்கள். செல்லம்மா நீட்டிய தாலியைப் பீமு கட்டினான். கல்யாணப் பதிவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றும், வியாசர்பாடி மண்டபத்தைப் பங்குனியில் வரவேற்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் முடிவானது.

ஒரு காரியம் யாரும் எதிர்பாராதது. திருமலையின் தங்கைக்கு ராமதாஸே ஆள் அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் கூடத்தின் வாசலிலேயே தயங்கி நின்றார். செல்லம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். திருமலை போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டில் மீன் இல்லை. படகு போகவில்லை, மீன் எங்கிருந்து வரும்? மீனவக் குப்பத்தில் மீனில்லாமல் சாப்பாடு என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேலி பண்ணினார்கள். பாட்டில் மீனை வறுக்கச் சொல்லுங்கள் என்றார்கள் அவர்கள் பக்கத்து ஆட்கள். கௌசர் அக்காவின் அண்டா வழித்துத் துடைத்துக் காலியானது.

பந்தி முடிகிற நேரத்தில் தங்கபுஷ்பம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்ள, இதுல இன்னாமோ எழுதணும்னு போட்டிருக்கே? யாரு எழுதணும்? நானா?"

எல்லாரும் அவரவர் ஃபோனைத் திறந்து பார்த்தார்கள். கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தாண்டிவிட்டிருந்தது. பக்கம் ஒழுங்காக மாறியிருந்தது. அது மட்டும் சரியாக வேலை செய்தது! பீமுவும் நர்மதாவும் சிரிக்கிற படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில்: 'இங்கே ஏதாவது எழுதணும்.' கூடமே சிரித்தது. பீமு காதுவரைக்கும் சிவந்துபோய் லேப்டாப்பைத் திறந்தான். எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவான், கல்யாணத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன எழுதறது?" என்று என்னைக் கேட்டான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், உனக்கு ஒரே பொய்யில் முடிந்துவிட்டது, அதை எழுது என்றேன். நர்மதா முறைத்தாள். அப்பா ஏதோ பெரிய மேற்கோளாக யோசிக்கத் தொடங்கினார். பீமு எங்கள் யாரையும் கவனிக்காமல் மாமனார் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

திருமலை பக்கத்தில் வந்து குந்தினார். திரையைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்தார். வெயிலில் படகுகள் நின்றன. எஞ்சின்களை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். குழந்தைகள் படகுக்குப் படகு தாவி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு எங்க குப்பத்துல ஒரு போட்டும் கடலுக்குப் போவல," என்றார். "அத்த எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

பீமு அதைப் படிக்கிற தமிழில் எழுதினான். நர்மதா எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "சரி," என்றாள்.

திருமலை தன் ஃபோனில் அந்தப் பக்கம் வருகிற வரைக்கும் காத்திருந்தார். வந்ததும் தங்கையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பீமுவின் தோளைத் தட்டிக் கேட்டார்.

"மாப்ள, இத்த அப்பால மாத்திட மாட்டியே?"

"மாத்தமாட்டேன் மாமா," என்றான் என் தம்பி.